சிவப்புப் பட்டைக்குக் கீழே ஒரு பாய்

மலைமேல் இருந்த அந்த மடத்தில் தியானம் சொல்லித் தரவில்லை, மந்திரம் சொல்லித் தரவில்லை. படம் பார்க்கச் சொல்லித் தந்தார்கள்.

கண் இருக்கிறவனுக்குப் படம் பார்க்க வாத்தியார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தெய்வநாயகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்ட அதே மனிதர்தான் மதுரையில் பஸ் ஏறி, கொண்டையூசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்து, கல்படி முழுக்க மூச்சு வாங்க ஏறி, மடத்து வாசலில் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

மடத்தை நடத்தியவர் வடிவாம்பாள். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எல்லாரும் வடிவம்மா என்று கூப்பிட்டார்கள்.

“என்ன வேணும் அய்யா?”

“படம் பார்க்கப் படிக்கணும்மா.”

“எதுக்கு?”

“என் மக படக்கதை வரையுறா. புஸ்தகமாவே வந்திருக்கு. எனக்கு அதைப் பார்க்கத் தெரியலைன்னு சொல்லிட்டா.”

“அவங்களே சொன்னாங்களா?”

தெய்வநாயகம் மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

“சொல்லலை. பேசுறதை நிறுத்திட்டா.”

வடிவம்மா மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சித்திர மண்டபத்தின் கூரை முழுக்க ஒரே கதைதான். கட்டம் கட்டமாக வரிசையாகப் போகும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் பழைய எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் வரைந்துவிட்டுப் பெயர்கூடப் போடாமல் போய்விட்டார். உப்பு விற்கப் போகிற ஒரு வணிகனும் அவனுடைய சின்ன மகளும் மாட்டுவண்டியில் மலை தாண்டுகிற கதை அது.

கூரையில் இருப்பதை நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும். அதனால் மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். எந்தப் படமோ அதற்கு நேர் கீழே பாயைப் போட வேண்டும். ஆசிரியர் சொன்னால்தான் பாயை அடுத்த படத்துக்கு நகர்த்தலாம். ஒரே படத்துக்குக் கீழே ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு.

தெய்வநாயகம் வாழ்நாளெல்லாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வாழ்த்துவதற்கு முன்னால் அதில் ஒரு புள்ளி விட்டுப்போனதைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண். முதல் நாள் பாயை விரித்துப் படுத்தவர், வடிவம்மா விளக்கில் எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“முடிச்சிட்டேம்மா.”

“என்ன பார்த்தீங்க?”

“‘வண்டி பூட்டுகிரது’ன்னு கீழே போட்டிருக்கு. வல்லினம் வர வேண்டிய இடத்துல இடையினம் போட்டிருக்கான். மத்தபடி சரியாத்தான் இருக்கு.”

“மாட்டுக்கு எத்தனை கால்?”

“நாலு.”

“பார்த்துச் சொல்லுங்க.”

மறுபடி படுத்தார். நாலு கால் மாட்டுக்கு இதிலென்ன கேள்வி என்று மனத்துக்குள் முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு பாயில் அசையாமல் கிடந்தார்.

வரைந்தவர் முதலில் மாட்டின் முன்னங்காலை ஊன்றினாற்போல வரைந்திருக்கிறார். பிறகு மனம் மாறி, தூக்கினாற்போல வரைந்திருக்கிறார். பழைய கால் பூச்சுக்கு அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்த்தது.

“அஞ்சும்மா! அஞ்சு கால்!”

“நாளைக்கும் இதே படம்தான்,” என்றார் வடிவம்மா.

அன்று சாயங்காலம் தெய்வநாயகம் படியிறங்கிப் போய், ரோட்டோரம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் ‘ம்’, ‘சரி’ தவிர வேறு பேசியதில்லை. எடுத்ததும் அவர் மாட்டுக்கு அஞ்சு கால் என்றார். அந்தப் பக்கம் எழிலி சிரித்தாள்.

“நெசமாவாப்பா?”

“வந்து பாரு.”

“வர்றேம்பா.”

கிழவர் படியேறும்போது மூச்சு வாங்கவேயில்லை.

அதன்பிறகு பாய் நகர்ந்தது. வண்டி கிளம்பியது. மகள் உப்பு மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வந்தது, மலை வந்தது. ஒவ்வொரு படத்திலும் அவள் எங்கே பார்க்கிறாள் என்று தேடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தகப்பன் எப்போதும் மாட்டைப் பார்த்தான். மகள் எப்போதும் தகப்பனைப் பார்த்தாள்.

பிறகு அந்த ராத்திரிப் படம் வந்தது. பாய் அங்கே நின்றுவிட்டது.

காட்டுக்குள் வண்டி அவிழ்த்து விடப்பட்டிருக்கிறது. வண்டிக்கு அடியில் தகப்பன் தூங்குகிறான். மூட்டைமேல் மகள் மட்டும் விழித்திருக்கிறாள். காலில் தண்டை. புதருக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள். அடியிலிருந்த எழுத்து உதிர்ந்துபோயிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தெய்வநாயகத்துக்குப் படிக்க எதுவும் இல்லை.

அவருக்கு அந்தத் தகப்பனை எழுப்ப வேண்டும் போலிருந்தது. டேய், எந்திரிடா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

“நகர்த்தட்டுமாம்மா?”

“இல்லை அய்யா.”

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பாயைத் தானாகவே தள்ளிப் போட்டார். திருட்டுத்தனம்தான். படுத்து மேலே பார்த்தார்.

விடிந்திருந்தது. வண்டி அப்படியே நின்றது. தகப்பன் வாயைத் திறந்தபடி நின்றான். தரையில் ஒற்றைத் தண்டை கிடந்தது. மகள் இல்லை.

தெய்வநாயகம் பாயைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். அன்று சாப்பிடப் போகவில்லை. அதற்கு அடுத்த படத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்ததை ஆசிரியரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணை மூடினால் புதர் அசைந்தது.

எழிலி வருகிற நாளன்று காலையிலிருந்தே மழை. பஸ் ஓடவில்லை. அடிவாரத்திலிருந்து அவள் போன் செய்ததாக, படிக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த சோணமுத்து ஓடிவந்து சொன்னான்.

“வேன் ஏறிட்டாகளாம் அய்யா. மேல வந்து சாப்பிட்டுக்கிறேன்னு சொல்லச் சொன்னாக.”

தெய்வநாயகம் சமையல்கட்டுக்குப் போய் ஓர் ஆளுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னார். ரசத்தில் மிளகு குறைத்துப் போடச் சொன்னார். அவளுக்குக் காரம் ஆகாது. பிறகு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே போனார். மறுபடி வாசலுக்கு வந்தார்.

மத்தியானம் தாண்டியது. சோறு ஆறியது. மலை எங்கோ ஒருமுறை உறுமியது. இடி என்று நினைத்தார்கள்.

சோணமுத்து மறுபடி வந்தபோது குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் தெய்வநாயகத்தைப் பார்க்காமல் வடிவம்மாவைப் பார்த்தான்.

“ஏழாவது வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சும்மா. டவரும் போயிருச்சு, யாருக்கும் போன் போகலை.”

“வேன்?”

“ஒரு வேன் மேல விழுந்துருச்சுங்கிறாக. இல்லை, வேன் முன்னாடியே நின்னுருச்சுங்கிறாக. ஆளுக்கொண்ணு சொல்றாக.”

“எந்த வேன்?” என்று தெய்வநாயகம் கேட்டார்.

“தெரியலை அய்யா.”

அவர் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது. மற்றொன்று காலடியிலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. ஒற்றைச் செருப்போடு படியிறங்கப் போனவரைச் சோணமுத்து குறுக்கே நின்று தடுத்தான்.

“அய்யா, ஓடை ரோட்டு மேல பாயுது. நீங்க வந்தீகன்னா உங்களையும் சேர்த்துத் தூக்கணும். நான் போறேன். நீங்க இருங்க.”

“பார்த்துட்டு வந்து சொல்லு, சோணமுத்து. எதுவா இருந்தாலும் சொல்லு,” என்றார் வடிவம்மா.

அவன் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். மழை அவனை மறைத்துவிட்டது.

வடிவம்மா கிழவரைக் கைப்பிடித்து மண்டபத்துக்குள் அழைத்து வந்தார். சாப்பிடச் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது தெய்வநாயகத்துக்கு. பொய்யாகவாவது சொல்லலாமே. கடவுள்மேலும் கோபம், ஆசிரியர்மேலும் கோபம்.

“நான் கூப்பிட்டதாலதானே வர்றா,” என்றார். “அஞ்சு காலாம் அஞ்சு காலு. அதைப் போய் ஏன் சொன்னேன்?”

வடிவம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க.”

“கேளுங்க.”

“அந்தப் பொண்ணு செத்துட்டாளா?”

“எந்தப் பொண்ணு?”

அவர் கூரையைக் கைகாட்டினார்.

“நான் பாயை நகர்த்திப் பார்த்துட்டேம்மா. உங்களுக்குத் தெரியாம. புலி அவளைக் கொண்டுபோயிருச்சு. அதைப் பார்த்தேன். பார்த்த வினைதான் இன்னிக்கு வந்து நிக்குது.”

“புலியைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அது அவளைத் தூக்கினதைப் பார்த்தீங்களா?”

“கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. அவ அப்பான்னு கத்தினா. அந்தப் பாவி எந்திரிக்கலை.” சொல்லும்போதே கிழவருக்கு அழுகை வந்துவிட்டது. “தண்டை கழண்டு விழுந்துச்சு.”

வடிவம்மா எழுந்து போய்க் கைவிளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். மழை இருட்டில் மண்டபத்துக்குள் பகலே தெரியவில்லை. ராத்திரிப் படத்துக்கு நேராக விளக்கை உயர்த்திப் பிடித்தார்.

“இதுல புலி எங்க இருக்கு அய்யா?”

“அந்தப் புதர்ல.”

“புதர்ல என்ன இருக்கு?”

“ரெண்டு மஞ்சப் புள்ளி.”

விளக்கு நகர்ந்தது. விடிந்த படத்துக்கு வந்தது.

“இதுல?”

அவர் உற்றுப் பார்த்தார். திருட்டுத்தனமாகப் பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தைத் தேடினார். அது அங்கே இல்லை. இழுத்துப்போன தடத்தைத் தேடினார். புல் நிமிர்ந்து நின்றது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. வண்டி, தகப்பன், ஒற்றைத் தண்டை. வேறு எதுவும் இல்லை.

“புலி இல்லை,” என்றார்.

“நீங்க பார்த்த புலி எங்க இருக்கு?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

“நடுவுல என்ன இருக்கு?”

“சிவப்புப் பட்டை.”

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. தெய்வநாயகத்தின் முகத்தில் சட்டென்று ஓர் ஆசை வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“அப்ப அவ பிழைச்சிட்டாளாம்மா? எங்கேயாவது பூப்பறிக்கப் போயிருப்பா. ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருப்பா. அதானே?”

“அதுவும் பட்டையில இல்லை அய்யா.”

அந்த ஆசை வந்த வழியே போயிற்று.

“அடுத்த படத்துல இருக்குமே! அதுல தெரிஞ்சிருமே!”

“இருக்கு.” வடிவம்மா தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டடி நடந்தார். அங்கே கூரை இருட்டாக இருந்தது. விளக்கை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நின்றார். “தூக்கட்டுமா?”

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். தூக்குங்க என்று சொல்லத்தான் திறந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“வேண்டாம்மா. வேண்டாம். வேண்டாம்.”

விளக்கு உயரவில்லை.

தெரியாமல் இருக்கவும் முடியவில்லை, தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதன் எங்கே போய் உட்காருவான்? அவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். சரியும் மண், கவிழும் வேன், எழிலியின் நீலத் துப்பட்டா என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தது. நீலத் துப்பட்டாதான் போட்டு வந்தாள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அது சேற்றுக்குள் கிடப்பது அவருக்குத் தெரிந்தது.

வடிவம்மா பாயை எடுத்தார். ராத்திரிப் படத்துக்குக் கீழேயும் விரிக்கவில்லை, விடிந்த படத்துக்குக் கீழேயும் விரிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், பட்டைக்கு நேர் கீழே விரித்தார்.

“இங்க படுங்க.”

“இங்க பார்க்க ஒண்ணுமே இல்லையே.”

“ஆமா.”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“ஆமா அய்யா. படுங்க. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.”

அவர் படுத்தார். மேலே சிவப்பு. தூரிகை போன தடம் நீளவாக்கில் தெரிந்தது. ஓரிடத்தில் வண்ணம் தீர்ந்து, மறுபடி தொட்டுத் தொடர்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் கண் ஓடினால் புலி. இழுத்து வந்தார். மறுபக்கம் ஓடினால் தண்டை. இழுத்து வந்தார். எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது?

ரொம்ப நேரம் கழித்து அவர் பேசினார்.

“அவ புஸ்தகத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கும்மா.”

“என்ன?”

“வெறும் வெள்ளைப் பக்கம். எதிரெதிரா ரெண்டு பக்கம். ஒரு கோடுகூட இல்லை.”

“அதுக்கு முன்னாடி என்ன படம்?”

“ஆஸ்பத்திரி. பெஞ்சுல ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருக்கா. எதிர்ல கதவு. சாத்தியிருக்கு.”

“பின்னாடி?”

“அவ அப்பன் நடந்து வர்றான். கையில அவ அம்மா செருப்பு.”

வடிவம்மா விளக்கைத் தரையில் வைத்தார்.

“என் சம்சாரம் மங்கை போன நாளும்மா அது. நான்தான் இவளை அந்தப் பெஞ்சுல உட்கார வெச்சேன். இங்கேயே இரு, அப்பா வந்துர்றேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். எனக்கு உள்ள ஆயிரம் வேலை. ரத்தம் வேணும்னாங்க, ஓடினேன். கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். டாக்டர் கூப்பிட்டார், போனேன். கடைசியா மங்கை கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு எல்லாம் நடந்துச்சு. ஒவ்வொண்ணா நடந்துச்சு.”

“அவளுக்கு?” என்றார் வடிவம்மா.

“கதவு.”

மழை கொஞ்சம் விட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

“புஸ்தகம் வந்ததும் முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தா. எதிர்லயே உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் காப்பி குடிக்கிற நேரத்துல புரட்டி முடிச்சிட்டேன். பேச்சு எழுத்தே கம்மிம்மா அதுல, படிக்க என்ன இருக்கு? நடுவுல அந்த வெள்ளைப் பக்கம் வந்துச்சு.”

“வந்ததும்?”

“சட்டைப்பையில சிவப்புப் பேனா இருந்துச்சு.”

அவர் குரல் இறங்கிவிட்டது. வடிவம்மா காதைக் கொஞ்சம் அருகே கொண்டுவர வேண்டியிருந்தது.

“‘பக்கம் விடுபட்டுள்ளது, அச்சகத்தைக் கேட்கவும்’னு அதுல எழுதி அவ கையில கொடுத்தேன். பிழையைக் கண்டுபிடிச்சிட்டேன்னு எனக்குப் பெருமை வேற. அவ வாங்கிப் பார்த்தா. மூடி வெச்சா. காப்பி டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கழுவினா. அவ்வளவுதான்.”

சிவப்புப் பட்டை அவர் கண்ணுக்குக் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“எவ்வளவு நேரம்மா அந்தப் புள்ளை அங்க உட்கார்ந்திருக்கும்?” என்றார். “யாரும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்க மாட்டாங்க. நானும் சொல்லலை. அதுக்கப்புறமும் சொல்லலை. இத்தனை வருஷத்துல உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரு நாள்கூட நான் அவகிட்ட சொன்னதில்லை.”

“அவங்க கேட்டாங்களா?”

“வெள்ளையா ரெண்டு பக்கம் விட்டுக் கேட்டிருக்காளேம்மா.”

வடிவம்மா விளக்கின் திரியைச் சற்றுத் தாழ்த்தினார். அவர் கண்களிலும் ஈரம் இருந்தது. கிழவர் அதைப் பார்க்கவில்லை.

“அந்தப் பக்கத்தை இப்பப் படிச்சிட்டீங்களா அய்யா?”

தெய்வநாயகம் பட்டையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“இன்னும் முடியலைம்மா.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெகு கீழே, கல்படியின் அடியில், ஈரக்கால் வைக்கிற சத்தம். தண்ணீர் சொட்டும் சத்தத்தில் கலந்து போயிற்று. மறுபடி கேட்டது. யாரோ ஏறி வருகிறார்கள். சோணமுத்துவாகத்தான் இருக்க வேண்டும். இந்த நேரத்தில் இந்த மழையில் வேறு யார் வரப்போகிறார்கள்? ஆனால் அவன் மட்டும்தானா?

தெய்வநாயகத்தின் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. தப், தப் என்று ஒரு கால். நடுவே இன்னொன்று விழுந்த மாதிரி இருந்தது. அது கால்தானா, ஓட்டுத் தண்ணீரா? மேலே வரவரச் சத்தம் மெதுவாயிற்று. நல்ல சேதி கொண்டுவருகிறவன் இப்படி மெதுவாகவா வருவான்? கூட ஒரு களைத்த பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தால் மெதுவாகத்தானே வருவான்? ஒரு நொடியில் எழிலி படியேறி வந்தாள். மறுநொடியில் சோணமுத்து மட்டும் வாசலில் நின்று, அவரைப் பார்க்காமல் வடிவம்மாவைப் பார்த்தான்.

கிழவர் பாதி எழுந்து முழங்கையை ஊன்றினார். வாசலைப் பார்க்கத் தைரியமில்லை. ஆசிரியரைப் பார்த்தார்.

“வடிவம்மா, உங்களுக்குக் கேக்குதுல்ல? எத்தனை காலும்மா? ஒருத்தரா, ரெண்டு பேரா? சொல்லுங்கம்மா.”

வடிவம்மா கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார். அவரும் வாசலைப் பார்க்கவில்லை. மெல்ல அவரை மறுபடி பாயில் சாய்த்தார்.

“படி முடியட்டும் அய்யா. இது உங்க மக வரைஞ்ச வெள்ளைப் பக்கம். புரட்டாதீங்க.”